லோகாவின் நூல் நீளம்

லோகேஸ்வரியின் நூல் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போனதை முதலில் கவனித்தவள் நான்தான். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, அதை மறைக்க மாட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் பூமணி அக்காவின் அழகு நிலையத்தில், ஜன்னலோர நாற்காலியில், பதினெட்டு வருஷமாகத் தலையைச் சாய்த்து அவளிடம் புருவம் எடுத்துக்கொள்கிறவள் நான். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் சேலைக் கடை வைத்திருக்கும் உஷாராணி என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். கிள்ளானில் புருவம் எடுக்க ஆளே இல்லையா என்று சிலர் என்னைக் கேட்பதுண்டு. தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இருந்தாலும் நான் கொமுட்டர் ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸுக்குத்தான் போவேன். என் புருவம், என் இஷ்டம்.

லோகா வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் நாற்காலியில் மல்லாந்து சாய்ந்துகொள்ள வேண்டும். அவள் நம் தலைமாட்டில் நின்று குனிவாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை இரண்டு கை விரல்களிலும் மாட்டி, நடுவில் முறுக்கி, அந்த முறுக்கைப் புருவத்தின்மேல் ஓட்டுவாள். சர் சர்ரென்று சத்தம் வரும். வேண்டாத முடி வேரோடு வந்துவிடும். பல்லுக்கும் விரலுக்கும் நடுவில் எவ்வளவு நூலோ, அவ்வளவு தூரத்தில்தான் அவள் கண்ணும் இருக்கும். முன்பெல்லாம் அவள் மூச்சு என் நெற்றியில் படும். காலையில் என்ன குடித்துவிட்டு வந்தாள், காப்பியா மைலோவா என்றுகூடச் சொல்லிவிடுவேன். நாளாக ஆக மூச்சு படுவது நின்றது. பிறகு பார்த்தால் அவள் முகம் எங்கேயோ மேலே, மின்விசிறிக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஏண்டி, நூலு வெல கொறைஞ்சிருச்சா? இவ்ளோ நீளமா இழுக்கற?" என்று ஒருநாள் கேட்டேன்.

பல்லில் நூல் இருக்கும்போது அவளால் பேச முடியாது. "ம்ம்" என்றாள். அந்த ஒரு "ம்ம்"மிலேயே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

கோபம் வரத்தான் செய்யும். லோகாவிடம் நகை நட்டு அதிகமில்லை, சொந்தமாகக் காரில்லை, கண் இருந்தது. ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு ஷா ஆலமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளில் ஈயப் பற்று சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளும் வேலை. எல்லோருக்கும் பூதக்கண்ணாடி வைத்த விளக்கு கொடுத்திருந்தார்கள். இவள் மட்டும் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வெறுங்கண்ணால் பார்ப்பாள். அப்படியும் அவள் கையைத் தாண்டி ஒரு பழுது போனதில்லை. மலாய்க்கார சூப்பர்வைசர் அவளை 'மாத்தா ஹெலாங்', கழுகுக் கண் என்றுதான் கூப்பிடுவாராம். தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டு போனபோது கூட வேலை செய்தவர்கள் கலங்கி நின்றார்கள். இவள் நேராகப் பூமணி அக்காவிடம் வந்து நூலைப் பிடித்தாள். கை சீக்கிரமே பழகிவிட்டது. கண் ஏற்கெனவே தயாராக இருந்தது. அவள் புருஷன் லோரி ஓட்டுகிறவர். வீட்டில் ஊசி தொலைந்தாலும் சரி, மீன்முள் தொண்டையில் சிக்கினாலும் சரி, அவர் கூப்பிடுவது லோகாவைத்தான்.

என் கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாற்பத்தொன்பது வயதிலும் கண்ணாடி போடாதவள் நான். இப்போதெல்லாம் சாப்பாட்டுக் கடைகளில் விளக்குக்குக் கஞ்சத்தனம் செய்கிறார்கள், மருந்து டப்பாவில் எழுத்தை எறும்பு மாதிரி அச்சடிக்கிறார்கள். அது அவர்கள் குற்றம். என் கடையில் விலைச்சீட்டை வேலைக்கு இருக்கும் பெண்தான் வாசிப்பாள். முதலாளி என்று ஒரு மரியாதை வேண்டாமா?

ஆடி மாதத்தில்தான் வினை வந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, சேலை வியாபாரமும் மந்தம். நான் பூமணி அக்கா கடையில் உட்கார்ந்து கதையளந்துகொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஷாமினி வந்தாள். வங்கியில் வேலை செய்கிற பெண், பள்ளிக்கூட நாளிலிருந்தே லோகாவின் வாடிக்கை. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டே வந்தாள்.

"ஆன்டி, நேத்து நீங்க எடுத்தது. ஸூம் பண்ணி பாருங்க. லெஃப்ட் சைடு ஷார்ட்டா இருக்கு. கீழ முடியெல்லாம் அப்படியே கெடக்கு லா."

லோகா போனை வாங்கினாள். கையை நீட்டினாள். இன்னும் நீட்டினாள். கழுத்தையும் பின்னால் இழுத்தாள். பிறகு, "நல்லாத்தானம்மா இருக்கு" என்றாள்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? என் சிநேகிதியை என் கண் முன்னாலேயே ஒரு சின்னப் பெண் குறை சொல்கிறாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இந்தா பொண்ணு, இப்படி வா" என்று ஷாமினியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு! உனக்குத்தான் கண்ணு சரியில்ல. கல்யாண டென்ஷன் லா. வீட்டுக்குப் போயி நல்லா தூங்கு!"

பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பூமணி அக்கா எழுந்து வந்தார். அறுபதைத் தாண்டியவர், மூக்கு நுனியில் எப்போதும் ஒரு கண்ணாடி தொங்கும். போனைப் பார்த்தார், ஷாமினியின் புருவத்தைப் பார்த்தார். புதிதாகச் சேர்ந்த பெண்ணைக் கூப்பிட்டு, "நீ கொஞ்சம் சரி பண்ணி விடும்மா" என்றார். லோகாவின் முகம் செத்துவிட்டது.

ஷாமினி போன பிறகு அக்கா லோகாவின் தோளைத் தொட்டார். "லோகா, இது மொத தடவ இல்ல. நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஆவணி வரைக்கும் பாரு. அதுக்குள்ள கண்ணுக்கு ஒரு வழி பண்ணு. ஷாமினி கல்யாணப் புருவத்த நீதான் எடுக்கணும், நான் அந்தப் பொண்ணுகிட்ட பேசிக்கறேன். அதுலயும் கோளாறு வந்துச்சுன்னா, ஜன்னல் நாற்காலிய புதுப் பொண்ணுக்குக் குடுத்துட்டு நீ கவுண்டர்ல உக்காந்துக்க. சம்பளத்துல கைவைக்க மாட்டேன்."

லோகா வீட்டுக்கும் அதே ரயில்தான். திரும்பி வரும்போது அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டாலிங் தாண்டியதும் வெடித்தாள்.

"கவுண்டர்ல உக்காந்து பில்லு அடிக்கவா நான் பொறந்தேன்? நீயே சொல்லு உஷா. கொறை சொல்றதெல்லாம் சின்னப் பொண்ணுங்க. நம்ம வயசு ஆளுங்க ஒருத்தராச்சும் சொல்லியிருக்காங்களா? நீ சொல்லியிருக்கியா?"

"நானா? நீ எடுக்கறது எனக்கு எப்பவும் பெர்ஃபெக்ட் லா!"

"அதான பாத்தேன். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வாய் நீளம்."

"ஆமா, ஸூம் பண்ணிப் பாத்தா தாஜ்மகால்லகூட ஓட்டை தெரியும்" என்று நானும் ஒத்து ஊதினேன். ஆனால் இறங்கும்போது அவள் மெதுவாக, "ஆனா எனக்கு அந்தப் போன்ல ஒண்ணுமே தெரியல உஷா, கலங்கலா இருந்துச்சு" என்றாள்.

கண்ணாடி போட்டுக்கொள்ளேன் என்றால் கேட்கமாட்டாள். "கண்ணாடிய மாட்டிக்கிட்டு நூலோட நின்னா, இவளுக்கே கண்ணு தெரியல, என் கண்ணுக்கிட்ட வந்து நூல ஓட்டறாளான்னு எழுந்து ஓடிருவாங்க" என்பாள். அதனால் முதலில் கேரட் சாறு. காலையும் மாலையும் குடித்தாள். வீட்டில் முயல் வளர்க்கிறேன் என்று புருஷன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். கண் அப்படியேதான் இருந்தது. உள்ளங்கை மட்டும் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டதாகச் சொன்னாள்.

பிறகு ஒருநாள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கம்பியில் தொங்கிய கண்ணாடிகளில் ஒன்றை, மிளகாய்த் தூள் பொட்டலத்தின் எழுத்து பெரிசாகத் தெரிகிறது என்று வாங்கி வந்தாள். சோதனைக்கு யார் தலை? என் தலைதான். அந்தக் கண்ணாடியில் புருவம் தெரிய வேண்டுமானால் அவள் தாடை என் நெற்றியில் இடிக்கிற அளவுக்குக் குனிய வேண்டியிருந்தது. நூல் தொய்ந்து துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கியது. இழுக்க வேண்டிய முடியை இழுக்காமல் தோலைக் கவ்வியது. நான் "ஐயோ" என்று வாயைத் திறந்தேன், அவள் மூக்கிலிருந்து நழுவிய கண்ணாடி நேராக என் பல்லில் வந்து விழுந்தது. நானும் அவளும் அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்குப் பூமணி அக்கா வந்து அதட்ட வேண்டியதாயிற்று.

அதோடு விட்டாளா? ரோஷக்காரி. சீட்டுப் பணம் வந்ததும் பேரங்காடிக்குப் போய் நல்ல விலையில் ஒரு புரோகிரஸிவ் கண்ணாடி செய்துகொண்டாள். நடுவில் கோடே தெரியாது. மேல்பக்கம் தூரத்துக்கு, கீழ்ப்பக்கம் கிட்டத்துக்கு. அதைப் போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கு அவள் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! தூரத்தில் வரும் பஸ்ஸின் எண்ணைச் சொன்னாள், குனிந்து போனைப் படித்தாள், மறுபடி பஸ், மறுபடி போன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உணவுப் பட்டியலைத் தலைப்பிலிருந்து கடைசிவரை எனக்கு வாசித்துக் காட்டினாள். அந்தக் கடையில் நண்டு பிரட்டல் கிடைக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "எல்லாம் தெரியுது உஷா! உப்பு டப்பாவுல இருக்கற எழுத்துகூட!" என்று குழந்தை மாதிரி கத்தினாள். எனக்கும் தலைகால் புரியவில்லை. நாற்காலி தப்பித்தது என்று இரண்டு பேரும் நண்டு சாப்பிட்டோம்.

மறுநாள் நான் சாய்ந்து படுத்தேன். அவள் நூலைக் கடித்தாள், குனிந்தாள், அப்படியே நின்றுவிட்டாள். தலையை இடம் வலமாக அசைத்தாள். மேலே தூக்கப் பார்த்தாள், பல்லிலிருந்த நூல் இழுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். மறுபடி குனிந்தாள். பிறகு நூலைத் துப்பிவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொகையா இருக்கு உஷா. உலகமே தெரியுது, புருவம் மட்டும் தெரியல. முடிஞ்சுது, விடு. நான் கவுண்டருக்கே போறேன்."

தொழிற்சாலை மூடியபோதுகூட அழாதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார்மேல் ஆத்திரம் என்று கேட்டால் தெரியாது. கண்மேல்தான். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்தேன். என் கடைக்குப் பின்தெருவில் கௌசிகன் என்ற தம்பி கண் பரிசோதித்துக் கண்ணாடி செய்து கொடுக்கிறார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவர் அம்மா என் கடை வாடிக்கை. பட்டுச்சேலையில் ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற அம்மா. பிள்ளையும் அப்படித்தான் இருப்பார் என்று ஒரு கணக்கு.

"வாங்கோ ஆன்டி, இருங்கோ" என்றார் கௌசிகன். லோகாவை உட்கார வைத்துத் தூரத்து எழுத்துகளைக் காட்டினார். அவள் கடைசி வரியை மூச்சுவிடாமல் படித்தாள். கிட்டத்தில் ஒரு அட்டையைக் கொடுத்தார். அவள் கை தானாக நீண்டது. அவர் சிரித்தார்.

"தூரம் அருமையாத் தெரியுது. உங்களுக்கு வந்திருக்கிறது வெள்ளெழுத்து. கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு. சின்ன வயசுல அது ஜெலி மாதிரி மெத்தெண்டு இருக்கும், கிட்டப் பார்க்கேக்க அது தன்னைத்தானே பருமனாக்கிக் குடுக்கும். நாப்பது தாண்டினா இறுகத் தொடங்கும். கேரட் தின்னும் சரிவராது, பயிற்சி செய்தும் சரிவராது. ஆனா நோய் இல்லை. எல்லாருக்கும் வரும்."

"எல்லாருக்குமா?" என்று நான் கேட்டேன்.

"எல்லாருக்கும்" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

லோகா புதுக் கண்ணாடியை மேசையில் வைத்து, இதைப் போட்டால் எல்லாம் தெரிகிறது, வேலை மட்டும் தெரியவில்லை என்றாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல கண்ணாடிதான். நீங்க எப்படி நிண்டு வேலை செய்வீங்க? எனக்குக் காட்டுங்கோ" என்றார்.

அவள் கைப்பையிலிருந்து நூற்கண்டை எடுத்தாள். நான் பரிசோதனை நாற்காலியில் சாய்ந்தேன். அவள் புரோகிரஸிவைப் போட்டு, நூலைக் கடித்து, குனிந்தாள். கௌசிகன் தரையில் குந்தி உட்கார்ந்து பக்கவாட்டில் அவள் கண்ணையே பார்த்தார். திடீரென்று, "அசையாதீங்கோ! அப்படியே நில்லுங்கோ!" என்று கத்தினார். நான் பயந்தே போனேன்.

"பாருங்கோ, நீங்க முழுசாக் குனிஞ்சு நிக்கிறீங்க. முகம் தரையப் பார்த்து இருக்கு. அப்ப உங்கட கண் கண்ணாடியின்ர மேல்பாதியாலதான் பாக்குது. அது தூரத்துக்கு வச்ச இடம். கிட்டத்துக்கு வச்ச இடம் கீழ, கன்னத்துப் பக்கம் கிடக்கு. அதால பாக்கோணுமெண்டா தாடையத் தூக்கோணும். பல்லுல நூல் இருக்கேக்க எப்பிடித் தூக்குவீங்க? கண்ணாடியிலயும் பிழை இல்லை, உங்களிலயும் பிழை இல்லை. இந்த வேலைக்கு அது ஒத்துவராது."

லோகா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. "அப்ப... ஒத்துவர்றது ஒண்ணு இருக்கா தம்பி?"

"கண் நல்லா இருந்த காலத்துல எவ்வளவு நூல் விடுவீங்க? அந்த அளவு ஞாபகம் இருக்கா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நூலைக் கடித்து, விரலால் சுற்றி, ஒரு தரம் அவிழ்த்து மறுபடி சுற்றினாள். கை நின்றது. குனிந்தாள். என் நெற்றியில் அவள் மூச்சு பட்டது. எத்தனை காலத்துக்கப்புறம்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கௌசிகன் அளவு நாடாவை எடுத்து அவள் கண்ணிலிருந்து என் புருவம்வரை பிடித்தார்.

"இந்தத் தூரத்துக்குத்தான் செய்யப்போறோம். மேல, கீழ ஒண்டும் இல்லை. முழுக்க ஒரே பவர். எந்த மூலையால பாத்தாலும் இந்த நூல் நீளத்துல தெளிவாத் தெரியும்."

சோதனைச் சட்டத்தில் இரண்டு வில்லைகளைச் செருகி அவள் முகத்தில் மாட்டினார். அவள் மறுபடி குனிந்தாள். அப்புறம் நூல் அவள் வாயிலிருந்து நழுவி என் மூக்கில் விழுந்தது.

"ஐயோ உஷா!"

"என்னடி ஆச்சு?"

"ஒவ்வொரு முடியும் தனித்தனியா நிக்குதுடி! வேரு தெரியுது! தோல்ல ஓட்டை தெரியுது!" அந்தச் சட்டத்தோடேயே அவள் குதித்தாள். கௌசிகன் தம்பி வில்லைகள் விழுந்துவிடாமல் பிடிக்க ஓடினார். நானும் எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் என்னைத் தள்ளிப் படுக்க வைத்து மறுபடி ஒருமுறை என் புருவத்தை உற்றுப் பார்த்தாள். அப்போது அவள் முகம் ஒரு மாதிரி மாறியது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

"என்னடி பாக்கற?"

"ஒண்ணுமில்ல. அப்பறம் சொல்றேன்."

வாசலைப் பார்த்தபோது தெரு முழுக்க மூட்டமாக இருக்கிறது என்று பதறினாள். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், வெளியே போக அந்தப் புரோகிரஸிவ் இருக்கிறது என்று கௌசிகன் விளக்கினார். மூக்கிலிருந்து நழுவாமலிருக்க, பூப்பந்து ஆடுகிறவர்கள் தலைக்குப் பின்னால் மாட்டும் ரப்பர் பட்டையைக் காட்டினார். லோகா சிவப்பாக ஒன்றை எடுத்தாள். கிளம்பும்போது அவர் என்னிடம், "ஆன்டி, நீங்களும் ஒருக்காக் கண்ணைப் பார்த்திடலாமே?" என்றார்.

"எனக்கென்ன கேடு?" என்று சொல்லிவிட்டு நான் கடையைத் திறக்கப் போய்விட்டேன். எனக்குப் பின்னால் லோகா எதற்கோ களுக்கென்று சிரித்தாள்.

ஆவணி பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஷாமினிக்குக் கல்யாணம், வியாழக்கிழமை மத்தியானம் பூமணி அக்கா கடையில் புருவம். என் கடையில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. இருந்தும் வேலைக்காரப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினேன். இதைப் பார்க்காமல் சேலை விற்று என்ன ஆகப்போகிறது?

ஷாமினி வாசலிலேயே நின்றாள். கையில் மருதாணி வைக்க நாள் குறித்த பெண்ணின் முகத்தில் அத்தனை கலவரம். "பூமணி ஆன்டி கேட்டதுக்காகத்தான் வந்தேன்" என்றவள், ஜன்னலோர நாற்காலிக்குப் பின்னால் நின்ற லோகாவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். லோகாவின் முகத்தில் கண்ணாடி. தலையைச் சுற்றிச் சிவப்புப் பட்டை.

"ஆன்டி... கண்ணாடி போட்டிருக்கீங்க?"

லோகா பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லோகா சிவப்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஆமாம்மா. கிட்டத்துல கண்ணு தெரியாமப் போச்சு. அதான் போட்டிருக்கேன்."

"அப்பாடா!" என்றாள் ஷாமினி. "இத மொதல்லயே போட்டிருக்கலாம்ல ஆன்டி? நான் என்னமோ என்மேல கோவத்துல இப்படி எடுக்கறீங்கன்னு நெனச்சுட்டேன்!" நேராக வந்து நாற்காலியில் தலையைச் சாய்த்தாள். எந்தக் கண்ணாடியைப் பார்த்தால் ஓடிவிடுவார்கள் என்று லோகா இத்தனை நாள் பயந்தாளோ, அதைப் பார்த்துத்தான் அந்தப் பெண் தைரியமாகப் படுத்தாள்.

லோகா நூலைக் கடித்தாள். விரலில் சுற்றினாள். நூல் பழைய நீளம்! குனிந்தாள். சர் சர்ரென்று சத்தம் ஆரம்பித்தது. தயக்கமே இல்லை, ஒரே சீராக, மழை பிடித்துக்கொண்ட மாதிரி. பூமணி அக்கா தன் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். புதுப் பெண் துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்றாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். இடது புருவம் முடிந்தது, வலது முடிந்தது. லோகா பவுடர் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

ஷாமினி முகம் பார்க்கும் கையாடியை வாங்கவில்லை, போனைத்தான் எடுத்தாள். படம் பிடித்தாள். ஸூம் செய்தாள். இடது பக்கம். வலது பக்கம். இன்னும் பெரிசாக்கினாள். இந்தப் பெண் எத்தனை நேரம்தான் பார்ப்பாள் என்று எனக்குப் பொறுமை போயிற்று. வாயைத் திறக்கப் போனேன்.

"ஆன்டி" என்று ஷாமினி எழுந்து லோகாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சேம் டு சேம் ஆன்டி! ஒரு முடிகூட மாறல!"

"அழாத அழாத, மூஞ்சி செவந்துரும்!" என்று சொல்லிக்கொண்டே லோகாவும் அழுதாள். பூமணி அக்கா புதுப் பெண்ணிடம், "நீ அந்தப் பக்கத்து நாற்காலிய எடுத்துக்கம்மா. ஜன்னல் நாற்காலி லோகாவோடது" என்றார். நான் விசிலடித்தேன். சேலைக் கடை முதலாளி விசிலடிக்கக்கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

விசில் அடங்குவதற்குள் லோகா என் பக்கம் திரும்பினாள். "உஷா, வா. நீ உக்காரு."

"எனக்கென்ன அவசரம்? எனக்குத்தான் எப்பவும் பெர்ஃபெக்டா எடுக்கறியே!"

"அதுக்குத்தான் கூப்புடறேன். வா."

என்னைச் சாய்க்காமல் நேராக உட்கார வைத்தாள். தன் பட்டையைத் தளர்த்திக் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டினாள். கையாடியை என் கையில் கொடுத்தாள். நான் பார்த்தேன்.

"யாருடி இது?" என்று அலறிவிட்டேன்.

இடது புருவம் ஒரு இடத்தில் ஆரம்பித்தால் வலது புருவம் வேறொரு இடத்தில் ஆரம்பித்தது. வால்பக்கம் ஒன்று நீளம், ஒன்று குட்டை. கீழே புல் முளைத்த மாதிரி முடி. அதற்கு நடுவில் பளபளவென்று நரை! என் புருவத்தில் நரை! இந்தப் புருவத்தோடா நான் இத்தனை நாள் கடையில் நின்று, கல்யாண வீட்டுக்காரர்களுக்கு மேட்சிங் சொல்லிக்கொண்டிருந்தேன்?

"நீதான். நான் எடுத்த, நீ பெர்ஃபெக்ட்னு சொன்ன புருவம்" என்றாள் லோகா. "அன்னிக்குத் தம்பி கடையில குனிஞ்சு பாத்தப்பதான் எனக்கு வெளங்குச்சு. கொறை சொன்னதெல்லாம் சின்னப் பொண்ணுங்க. நம்ம வயசுக்காரிங்க ஒருத்திகூடச் சொல்லல. நான் நல்லா எடுக்கறேன்னு நெனச்சுக்கிட்டேன் உஷா! எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல!"

பூமணி அக்கா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஷாமினி விடுவாளா? என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நான் அன்றைக்குச் செய்த மாதிரியே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆன்டி, அன்னிக்கு யாருக்குக் கண்ணு சரியில்ல?"

"உன் கல்யாண டென்ஷன் எனக்கும் ஒட்டிக்கிச்சு லா" என்றேன். வேறென்ன சொல்வது? எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சிரித்தபடியே லோகாவைத் திட்டத் திரும்பினேன். கண்ணாடி இன்னும் என் முகத்தில் இருந்தது. அவள் முகம் வெகு அருகில் இருந்தது, அவளும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பார்த்தேன். அவள் முன்பல்லின் நுனியில் சின்னதாக ஒரு பள்ளம். அரம் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு.

"இது என்னடி பல்லுல?"

"அதா? நூலு ஓடி ஓடித் தேஞ்சிருச்சு. அது ரொம்ப வருஷமா இருக்கே!"

ரொம்ப வருஷமாக. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போதெல்லாம் என் முகத்துக்கு நேர் மேலே இருந்த பல். என் புருவத்துக்காகவும் தேய்ந்த பல். நூல் நீண்டதைக் கவனித்தேன் என்று பெருமை பேசுகிறவள், அதைப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கியது. அவள்மேல் அவ்வளவு பாசம் பொங்கியது, சொல்லத் தெரியவில்லை.

"குடு குடு, நீ அழுதா கண்ணாடி நனைஞ்சிரும். எனக்கு அடுத்த ஆள் காத்துக்கிட்டு இருக்கு" என்று லோகா கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். என்னைச் சாய்த்துப் படுக்க வைத்தாள். நூலைக் கடிக்கப் போனவள் நிறுத்திக் கேட்டாள். "நரைய எடுத்துறவா, விட்டுறவா?"

"விடு. நாளைக்குக் கௌசிகன் கடைக்குப் போறேன். என் சொந்தக் கண்ணாடியப் போட்டு ஒரு தடவ நல்லாப் பாத்துட்டு, அப்பறம் சொல்றேன்."

அவள் "ம்ம்" என்றாள். நூல் பல்லுக்குப் போய்விட்டது. நெற்றியில் மூச்சு பட்டது, அன்றைக்கு அவள் குடித்திருந்தது மைலோ.